ஒரு பூட்டு போதுமா?



நம்ம பள்ளியில் படிக்கிற பலருடைய வீட்டில் ஏதாவது ஒரு சின்னத் தொழில் இருக்கிறது. மளிகைக்கடை, தையல்கடை, ஜெராக்ஸ் கடை, பால் வியாபாரம். ராத்திரி கடை சாத்தும்போது ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டி, ஒருதடவை இழுத்தும் பார்ப்பார்கள். ஆனால் இன்றைக்குக் கடையின் பணம், ஆர்டர், வாடிக்கையாளர் நம்பர், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் செல்போனுக்குள்தான். அதற்கு எத்தனை பூட்டு? பெரும்பாலும் ஒரே ஒரு பாஸ்வேர்ட்! அதுவும் கடைப் பெயரோடு 123 சேர்த்தது!

சாவி தொலைந்தால் நமக்குத் தெரியும். பாஸ்வேர்ட் திருடு போனால் தெரியாது. அதுதான் ஆபத்து.

இரட்டைச் சரிபார்ப்பு என்றால் என்ன?

"இது நான்தான்" என்று நிரூபிக்க மூன்று வழி உண்டு.
1. எனக்குத் தெரிந்தது - பாஸ்வேர்ட், பின் நம்பர்
2. என்னிடம் இருப்பது - செல்போன், ஏ.டி.எம். கார்டு
3. நானே - கைரேகை, முகம்

இவற்றில் இரண்டு வகையைச் சேர்த்துக் கேட்பதுதான் இரட்டைச் சரிபார்ப்பு. ஏ.டி.எம்.மை நினைத்துப் பாருங்கள். கார்டு மட்டும் கிடைத்தவனுக்குப் பணம் வராது. பின் நம்பர் மட்டும் தெரிந்தவனுக்கும் வராது. ஆனால் இரண்டு பாஸ்வேர்ட் வைத்தால் அது இரட்டைச் சரிபார்ப்பு ஆகாது. இரண்டு பூட்டின் சாவியையும் ஒரே கொத்தில் மாட்டி வைத்த மாதிரிதான் அது!

இது புதுசா?

இல்லை. இந்தியாவில் இணையத்தில் கார்டு மூலம் பொருள் வாங்க, கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கியது. சரக்கு அனுப்ப ஈ-வே பில் போடும் தளத்திலும் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் இது கட்டாயம்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் என்று ஒரு நிறுவனம். சுமார் 8,850 கிலோமீட்டர் நீளக் குழாயில் பெட்ரோல், டீசல் அனுப்புகிறது. 2021-இல், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கின் பாஸ்வேர்ட் திருடர்கள் கையில் கிடைத்தது. அந்தக் கணக்குக்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. குழாய் சில நாட்கள் நின்றது, பல ஊர்களில் பெட்ரோல் பங்க்குகள் காலி. திருடர்களுக்குக் கொடுத்த தொகை சுமார் 44 லட்சம் டாலர்! அதில் ஒரு பகுதியைத்தான் பின்னால் மீட்க முடிந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி எழுந்துவிட்டது. ஒரு சின்னக் கடையின் ஒரு மாத வருமானம் போனால்?

30 விநாடி ரகசியம்

எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி.யை விட, கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலி பாதுகாப்பானது. ஏனென்றால் நம்ம நம்பருக்கு வேறொருவன் ஏமாற்றி சிம் வாங்கிவிட்டால் எஸ்.எம்.எஸ். அவனுக்குப் போய்விடும். செயலியில் அந்தக் கவலை இல்லை. முதல் நாள் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசிய எண் போனில் பதிவாகிறது. அதே எண் அந்த நிறுவனத்தின் கணினியிலும் இருக்கிறது. இரண்டும் அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன. விடை 6 இலக்கம். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்! போனில் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

எங்கெங்கே போட வேண்டும்?

* முதலில் இ-மெயிலில். மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் வழி அதற்குத்தான் வரும். அதுதான் தாய்ச்சாவி.
* அடுத்து வாட்ஸ்அப்பில். செட்டிங்ஸில் "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்" போய் 6 இலக்கப் பின் வையுங்கள்.
* பிறகு கடைக் கணக்கு எழுதும் செயலியில், அந்த வசதி இருந்தால்.

போன் தொலைந்தால்? கூகுள் 10 மாற்று எண்கள் தரும். அதைத் தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். போனிலேயே படம் எடுத்து வைக்காதீர்கள்!

முக்கியமான எச்சரிக்கை

"பேங்கில இருந்து பேசறேன் சார், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் உடனே போனை வையுங்கள். நாமே சாவியைக் கொடுத்துவிட்டால் பூட்டு என்ன செய்யும்? இன்னொன்று, யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

நண்பர்களே, நம்ம வீடுகளில் போன் செட்டிங்ஸ் தெரிந்த ஆள் பெரும்பாலும் நாம்தான். இன்று சாயங்காலம் அப்பா, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இ-மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டாவது பூட்டைப் போட்டுக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான்!

வருமுன் காப்போம்!

- 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு