உங்களுக்குத் தெரியுமா? 30,000 வங்கிகள், ஆனால் போட்டி இல்லை!

1921-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 30,000 வங்கிகள் இருந்தன. இத்தனை இருந்தால் போட்டி அனல் பறந்திருக்கும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. இல்லினாய், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஒரு வங்கி இன்னொரு கிளை திறக்கவே சட்டம் இடம்தரவில்லை. பல சிற்றூர்களில் இருந்த ஒரே வங்கி வைத்ததுதான் வட்டி. ஊரில் விளைச்சல் பொய்த்தால் வங்கியும் சேர்ந்து நொடித்தது. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூழ்கின. பாவம், சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள்! நாடெங்கும் கிளை பரப்பிய சில வங்கிகளை மட்டுமே கொண்டிருந்த கனடாவில் அப்போது ஒன்றுகூடத் திவாலாகவில்லை.

1970-களிலிருந்து அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கிளைத் தடையைத் தளர்த்தின. 1994-இன் ரீகல்-நீல் சட்டம் மாநில எல்லை தாண்டியும் கிளை விரிக்க வழிவிட்டது. ஜித் ஜயரத்னே, ஃபிலிப் ஸ்ட்ராகன் என்ற பொருளியலாளர்கள் மாநிலங்கள் கிளைத் தடையைத் தளர்த்தியதன் விளைவை ஆராய்ந்தார்கள். தடை நீங்கிய மாநிலங்களில் திறமையான வங்கிகள் வளர்ந்தன, மந்தமானவை தேய்ந்தன. வாராக்கடனும் நடைமுறைச் செலவும் குறைந்தன. எல்லாவற்றையும்விட முக்கியம் இது: அந்த மிச்சத்தின் பெரும்பகுதி, வட்டிக் குறைப்பாகக் கடன் வாங்கியவர்களையே சென்றடைந்தது.