சிங்கப்பூருக்கு செகண்ட் ஷோ!

ஸ்கூல் படிக்கும்போது குடும்பத்தோட ஒரு தடவை சிங்கப்பூர் போயிட்டு வந்த பார்ட்டியா நீங்க? அப்போ உங்க வீட்டு ஆல்பத்தில் கண்டிப்பா இந்த போட்டோ இருக்கும்... மெர்லயன் சிலை துப்புற தண்ணியை நீங்க அண்ணாந்து குடிக்கிற மாதிரி! பீரோவில் முஸ்தஃபாவில் வாங்கின கோடாலித் தைலம் இன்னும் கால் பாட்டில் மிச்சம் இருக்கும். மனசுக்குள்ள மட்டும் ஒரு நமைச்சல்... 'இன்னொரு தடவை போகணும் மச்சி!'

தாராளமா போகலாம் பாஸ். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். முதல் டிரிப் அப்பா, அம்மா, டூர் கைடு எல்லாரும் சேர்ந்து உங்களுக்குக் காட்டினது. ரெண்டாவது டிரிப்தான் நீங்களே பார்க்கப் போறது. அதே லிஸ்ட்டைத் தூசு தட்டி எடுத்துக்கிட்டுப் போனா, காசுதான் ரெண்டு மடங்கு. அனுபவம் பழசுதான்!

பழைய லிஸ்ட்டைக் கிழிங்க!

நீங்க வளர்ந்த கேப்பில் ஊரும் சும்மா இல்லை. சென்டோசாவில் கண்ணாடிச் சுரங்கத்துக்குள்ள மீன் பார்த்தீங்களே, அந்த அண்டர்வாட்டர் வேர்ல்டு 2016-லேயே மூடியாச்சு. அதே சென்டோசாவில் 37 மீட்டர் உயரத்துக்கு நின்ன பெரிய மெர்லயன், 2019 அக்டோபரோட அவுட். ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் கதவைச் சாத்திட்டு, மண்டாய் பக்கம் 'பேர்ட் பாரடைஸ்' ஆகிப் புது ஜாகை தேடிக்கிச்சு. சாங்கி ஏர்போர்ட்டில் மட்டும் 2019-லிருந்து 40 மீட்டர் உயரத்தில் ஓர் அருவி கொட்டுது, அதுவும் கட்டடத்துக்குள்ள!

பர்ஸுக்கும் ஒரு செய்தி. 2022 வரை 7 சதவிகிதமா இருந்த அவங்க ஊர் ஜி.எஸ்.டி., 2023-ல் 8, 2024-லிருந்து 9. டாலர் மதிப்பும் ஏறியிருக்கு. ஸோ, அப்பா அன்னைக்குப் போட்ட பட்ஜெட் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போடாதீங்க.

பாஸ்போர்ட்டை முதல்ல தேடுங்க

'எங்கிட்டதான் பாஸ்போர்ட் இருக்கே'ன்னு காலரைத் தூக்கிக்கிற ஆளா நீங்க? ஒரு நிமிஷம். 15 வயசுக்கு முன்னாடி எடுத்த பாஸ்போர்ட், 5 வருஷம் அல்லது 18 வயசு, எது முந்துதோ அதுவரைக்கும்தான் செல்லும். எட்டாவது படிக்கும்போது எடுத்தது இப்போ வெறும் ஞாபகார்த்தம்! புதுசா எடுக்க 36 பக்க பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். பயணத் தேதியிலிருந்து குறைஞ்சது 6 மாசம் செல்லுபடி இருக்கணும். இனிஷியல் விரிவாக்கம் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கோ, டிக்கெட்டிலும் எழுத்து பிசகாம அப்படியே இருக்கட்டும்.

இந்தியர்களுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலமா அப்ளை பண்ணணும். அரசாங்கக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் சார்ஜ் தனி. கிளம்புறதுக்கு 3 நாளுக்குள்ள 'எஸ்.ஜி. அரைவல் கார்டு' ஆன்லைனில் நிரப்பணும். இது முழுக்க இலவசம். காசு கேட்கிற வெப்சைட்டில் மாட்டினீங்கன்னா அது உங்க பாக்கெட்டுக்கு வச்ச வேட்டு!

அத்திப்பள்ளி தாண்டினாத்தான் ஆகாயம்

ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் சோதனை. நம்ம ஏர்போர்ட் அடுத்த மாநிலத்தில் இருக்கு! ஓசூரிலிருந்து தேவனஹள்ளி சுமார் 80 கிலோமீட்டர். கிருஷ்ணகிரின்னா இன்னொரு 50 சேர்த்துக்கோங்க. பெங்களூரு டு சிங்கப்பூர் விமானம் சுமார் நாலரை மணி நேரம். ஓசூர் டு ஏர்போர்ட்டுக்கே 3 மணி நேரம் ஒதுக்கணும்னா கொடுமைதானே!

'நம்ம ஊரிலேயே ஏர்போர்ட் வரப் போகுதாமே?' கரெக்ட். ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளுற சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும்னு தமிழக அரசு 2024 ஜூனில் அறிவிச்சது. குறுக்கே நிற்கிறது பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்தம். 150 கிலோமீட்டர் சுற்றளவில் 2033 வரை போட்டி ஏர்போர்ட் கூடாதுங்கிறது அதில் ஒரு ஷரத்து. உங்க செகண்ட் டிரிப் அதுவரை காத்திருக்காது, அத்திப்பள்ளி வழிதான்.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா மஞ்சள் மெட்ரோ 2025 ஆகஸ்ட்டில் ஓட ஆரம்பிச்சாச்சு. ஓசூர் பஸ்ஸில் பொம்மசந்திரா, அங்கேயிருந்து மெட்ரோவில் சில்க் போர்டு, அப்புறம் வாயு வஜ்ரா பஸ்ஸில் ஏர்போர்ட். கீழே நிற்கிற டிராஃபிக்குக்கு மேலேயிருந்து டாட்டா காட்டலாம்! திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கு. ரெண்டு ஊர் ரேட்டையும், போற வழிச் செலவையும் சேர்த்து ஒப்பிட்டுட்டு டிக்கெட் போடுங்க.

ஒரே ஒரு கேள்வி

இப்போதான் மெயின் மேட்டர். ரெண்டாவது டிரிப்புக்கு லிஸ்ட் வேண்டாம். ஒரு கேள்வி போதும். அதுக்கு விடை தேடித்தான் ஊரைச் சுத்தணும்.

நம்ம ஏரியாவிலிருந்தே ஒரு கேள்வி சொல்லட்டுமா? கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போயிருக்கீங்களா? பெங்களூருப் பக்கத்துக் கழிவெல்லாம் சேர்ந்து, தென்பெண்ணையில் வெள்ளை வெள்ளையா நுரை மிதக்கும். சின்னப் பசங்க 'ஐ, பனி!'ன்னு குதிப்பாங்க. விவசாயிகளுக்குத்தான் தெரியும் அது என்னன்னு.

சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுற சாக்கடைதான். 1977-ல் சுத்தம் பண்ண இறங்கினாங்க. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளை அப்புறப்படுத்தினாங்க. ரோட்டோர சாப்பாட்டுக் கடைகளைக் குழாய், வடிகால் வசதியோட ஹாக்கர் சென்டருக்குள்ள கொண்டு போனாங்க. சரக்குப் படகுகளை வேற இடத்துக்கு மாத்தினாங்க. 1987-ல் வேலை முடிஞ்சது. மேஜிக் இல்லை பாஸ், பத்து வருஷ உழைப்பு! இடம் மாறிப் போன குடும்பங்கள் கொடுத்த விலையும் அதில் இருக்கு.

நீங்க போட்டோ எடுத்த மெர்லயன் நிற்கிறதே அந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான்! இந்தத் தடவை கிளார்க் கீயில் ஆரம்பிச்சு, போட் கீ வழியா நடந்து, மெர்லயனைத் தாண்டி மரினா பராஜ் வரைக்கும் போங்க. 2008-ல் கட்டின தடுப்பணை. 9 மதகுகள் கடலைத் தடுத்து நிறுத்த, உள்ளே நகரத்துக்கு நடுவில் ஒரு நன்னீர்த் தேக்கம். மேல்தளத்தில் புல்வெளி, பட்டம் விடலாம், டிக்கெட்டும் கிடையாது. 1962-ல் போட்ட ஒப்பந்தப்படி 2061 வரை மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்குற ஊர், 2003-லேயே கழிவுநீரைச் சுத்திகரிச்சு 'நியூவாட்டர்'னு பேர் வச்சுது. அங்கே குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம். ஸோ, மினரல் வாட்டர் செலவும் மிச்சம்!

சிவில், கெமிக்கல் பசங்களுக்கு இது பாடம். மத்தவங்களுக்கு வேற கேள்வி இருக்கு. ஒரே டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடுற ஓசூர்க்காரங்க நாம. நாலு ஆட்சி மொழி உள்ள ஊரில் தமிழ் எப்படி வாழுதுன்னு பார்க்க வேண்டாமா? விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டுங்க. 1935-லிருந்து வர்ற 'தமிழ் முரசு' நாளிதழை வாங்கிப் படிங்க. 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கின மாரியம்மன் கோயில், சைனா டவுனுக்குள்ள ஏன் இருக்குன்னு தேடிப் பாருங்க.

ஞாயிறு சாயங்காலம்

எந்தக் கேள்வியோட போனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை லிட்டில் இந்தியாவுக்கு ஒதுக்குங்க. கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலைன்னு வாரம் முழுக்க உழைச்ச நம்ம ஊர் அண்ணன்கள் ஒண்ணுகூடுற நேரம் அது. ஊருக்குப் பணம் அனுப்புவாங்க, மளிகை வாங்குவாங்க, புல்தரையில் உட்கார்ந்து கதை பேசுவாங்க. 2020-ல் கொரோனா வந்தபோது அந்நாட்டுத் தொற்றில் பெரும்பங்கு இவங்க தங்குற விடுதிகளில்தான். நாம வியந்து பார்க்கிற பளபளா கட்டடங்களை எழுப்பினவங்க, ஒரே அறையில் பல பேரா முடங்கிக் கிடந்தாங்க.

கேமராவை உள்ளே வச்சுட்டு, "அண்ணே, எந்த ஊரு?"ன்னு கேளுங்க. அந்தப் பத்து நிமிஷப் பேச்சை எந்த டூர் பேக்கேஜும் தராது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. 'விசிட் விசாவில் போ, அங்கே வேலை பார்த்துக்கலாம்'னு யாராவது ஆசை காட்டினா, பெரிய கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. அது சட்டப்படி குற்றம். நிஜ வேலைன்னா கம்பெனி அனுமதி வாங்கி, முன் ஒப்புதல் கடிதம் அனுப்பும். அது அசலா, டுபாக்கூரான்னு சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் வெப்சைட்டில் நீங்களே செக் பண்ணலாம்.

ஓசூர் ரோஜா பிப்ரவரி 14-க்காக சிங்கப்பூர் வரைக்கும் ஃப்ளைட் ஏறுது. அது போறதோட சரி, திரும்பி வராது. நீங்க திரும்பி வருவீங்க. வரும்போது கெலவரப்பள்ளி நுரைக்கு ஒரு பதில் கொண்டு வாங்க பாஸ்... கோடாலித் தைலம் கூரியரிலேயே வந்துடும்!