ஐம்பது முத்திரை விழுந்த மடல்

மெயில் சர்வரைக் கவனித்துக்கொள்பவருக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டே வகை. வரவேண்டிய மடல் வரவில்லை என்பார்கள். அல்லது வேண்டாதது வந்து குவிகிறது என்பார்கள். முதல் புகாருக்கு ஸ்பேம் வடிகட்டியைத் தளர்த்துவதும் இரண்டாவதற்கு இறுக்குவதும்தான் பலர் உடனே செய்கிற வேலை. மடல் எந்த வழியாக வந்தது, எங்கே நின்றது என்று பார்க்காமல் செட்டிங்கில் கை வைத்தால், பழைய கோளாறு போகாது; புதிதாக ஒன்று சேர்ந்துகொள்ளும்.

வந்த வழியை மடலே சுமந்துகொண்டு வருகிறது. கடிதம் கடந்துவரும் ஒவ்வோர் அஞ்சலகமும் உறையில் முத்திரை குத்துவதுபோல, மடலைக் கைமாற்றும் ஒவ்வொரு சர்வரும் அதன் ஹெடரில் ‘ரெசீவ்டு’ என்ற ஒரு வரியைச் சேர்க்கும். புதிய வரி எப்போதும் மேலே சேரும் என்பதால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். உங்கள் சர்வர் போட்ட வரிகளை நம்பலாம். அதற்குக் கீழே இருப்பவற்றை ஸ்பேம் அனுப்பியவரே இட்டுக்கட்டியிருக்கக்கூடும்.

ஒரு மடல் லூப்பில், அதாவது முடிவில்லாத சுற்றில், சிக்கிவிட்டது என்பதைச் சர்வர் கண்டுகொள்வதும் இந்த வரிகளை எண்ணித்தான். போஸ்ட்ஃபிக்ஸில் வழக்கமான வரம்பு 50, செண்ட்மெயிலில் 25. அதைத் தாண்டினால் ‘டூ மெனி ஹாப்ஸ்’ என்ற பிழையோடு மடல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இங்கே எடுத்துக்கொள்வது சிறிய அலுவலகங்களில் அடிக்கடி காணும் ஓர் அமைப்பு: லினக்ஸ் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ், ஸ்பேமுக்கு மதிப்பெண் போட ஸ்பேம்அசாசின், இரண்டுக்கும் நடுவே ஆளாக அமாவிஸ்.

காரணத்தைத் தேடுவதற்கு முன் இழப்பை நிறுத்த வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் ‘சாஃப்ட் பவுன்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், சர்வர் ‘முடியாது’ என்று சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் ‘பிறகு வா’ என்று சொல்லும். மடல்கள் திரும்பிப் போகாமல் வரிசையிலேயே காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மடலை வழக்கமாக 5 நாள் வரை வரிசையில் வைத்திருக்கும். அதற்குள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த வரிசையில் இருக்கும் ஒரு மடலும் தொலையாது. அதை இயக்கும் ஒரு வரியைக் கான்ஃபிக்கில் எழுதாமல் பழுது பார்க்க உட்காருவதை நான் ஏற்கமாட்டேன். மற்றவர்களின் மடல்களை வைத்துச் சோதனை செய்ய நமக்கு உரிமை இல்லை.

அடிக்கடி வரும் லூப், வடிகட்டிக்கும் சர்வருக்கும் நடுவே உருவாவது. வெளியிலிருந்து 25ஆம் போர்ட்டில் வரும் மடலைப் போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கி, 10024ஆம் போர்ட்டில் இருக்கும் அமாவிஸிடம் தருகிறது. அமாவிஸ் சோதித்துவிட்டு 10025ஆம் போர்ட் வழியாகப் போஸ்ட்ஃபிக்ஸிடமே திருப்பித் தருகிறது. இந்த 10025 வாசலுக்கு ‘இங்கே வருவது ஏற்கெனவே சோதித்த மடல், மறுபடி வடிகட்டிக்கு அனுப்பாதே’ என்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். அதாவது, மாஸ்டர் கான்ஃபிக் கோப்பில் அந்த வாசலுக்குக் கீழே கன்டென்ட் ஃபில்டர் மதிப்பைக் காலியாக விட வேண்டும். அந்த வரி விடுபட்டால், திரும்பி வந்த மடல் மறுபடி 10024க்கே போகும். ஒரு சுற்றுக்கு அமாவிஸ் ஒரு முத்திரை, போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு முத்திரை என்றால் இருபத்தைந்து சுற்றில் வரம்பு நிறைந்துவிடும். திரும்பிய மடலின் ஹெடரில் 127.0.0.1 என்ற ஒரே முகவரி பக்கம் பக்கமாக வரிசை கட்டியிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். லூப் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சாஃப்ட் பவுன்ஸால் வரிசையில் நின்றுவிட்ட மடல்களில் ஏற்கெனவே ஏறக்குறைய ஐம்பது முத்திரை விழுந்திருக்கும். லூப்பைச் சரிசெய்த பிறகும் அடுத்த அடியிலேயே அவை வரம்பைத் தாண்டி மறுபடி நின்றுவிடும். வரம்பைத் தற்காலிகமாக 80 என்று உயர்த்தி, வரிசை காலியானதும் பழையபடி குறைக்க வேண்டும்.

ஒரே மடல் இரண்டு பிரதியாக வருகிறது என்ற புகாரும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மாற்றுமுகவரிகளைப் போஸ்ட்ஃபிக்ஸ் வடிகட்டிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று இரண்டு தடவை விரித்துவிடுகிறது. ஏதாவது ஒரு பக்கத்தில் அதை நிறுத்திவிட்டால் போதும்.

டிஎன்எஸ் காரணமான லூப்பைப் பிடிப்பது எளிது, லாக் கோப்பே சொல்லிவிடும். உங்கள் டொமைனின் எம்எக்ஸ் பதிவு இந்த சர்வரைக் காட்டுகிறது. சர்வரின் ‘இவையெல்லாம் என்னுடையவை’ பட்டியலிலோ அந்த டொமைன் இல்லை. சர்வர் எம்எக்ஸைப் பார்க்கிறது, அங்கே தன்னையே காண்கிறது, மடல் தன்னிடமே சுற்றி வருகிறது என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறது. இதற்கு நேர் எதிரான நிலைதான் ஆபத்தானது. மெயிலை வேறு சேவைக்கு மாற்றிவிட்டீர்கள், ஆனால் பழைய சர்வரின் பட்டியலிலிருந்து டொமைனை எடுக்கவில்லை. அந்தக் கணினியிலிருந்து கிளம்பும் அறிக்கைகள், வலைத்தளப் படிவங்கள் எல்லாம் யாரும் திறக்காத பழைய பெட்டியில் போய் விழும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அடுத்தது ஃபார்வர்டு. அலுவலக முகவரி வீட்டு முகவரிக்கு அனுப்புகிறது, வீட்டு முகவரி அலுவலகத்துக்கே அனுப்புகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒப்படைக்கும்போது ‘டெலிவர்டு டூ’ என்று பெறுநரின் பெயரை எழுதிவைப்பதால், அதே பெயரோடு மடல் திரும்பி வந்தால் அங்கேயே மறித்துவிடும். ஃபார்வர்டின் பெரிய கேடு வேறு: வந்த ஸ்பேமையும் சேர்த்து ஜிமெயிலுக்குத் தள்ளும்போது, ஸ்பேம் அனுப்பும் சர்வர் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும். ஜிமெயில் மறுத்தால், உங்கள் சர்வர் அந்த மறுப்பை மடலில் எழுதியிருக்கும் அனுப்புநருக்கு அனுப்பும். அந்த முகவரியோ பெரும்பாலும் திருடப்பட்டது. சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டி உங்கள் மறுப்புகளால் நிரம்பும். அதனால்தான் ஸ்பேமை வாங்கிவிட்டுத் திருப்பக்கூடாது, வாசலிலேயே மறுக்க வேண்டும் என்கிறோம். வாங்கிவிட்டால் தனியே ஒதுக்கிவைக்கலாம். திருப்பி அனுப்புவது தவறு.

எண்ணிக்கையால் பிடிக்க முடியாத லூப் ஒன்றும் இருக்கிறது. விடுமுறையில் இருக்கும் இருவரின் தானியங்கிப் பதில்கள் ஒன்றுக்கொன்று பதில் எழுத ஆரம்பித்தால், ஒவ்வொரு பதிலும் புதிய மடல். முத்திரை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்; ஐம்பதை எட்டவே எட்டாது. இதைத் தடுக்க 2004இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3834 மரியாதை விதிகளை வகுத்தது: தானாக எழுதிய மடலில் அது தானியங்கி என்ற குறிப்பு இருக்க வேண்டும், அப்படிக் குறித்த மடலுக்கு இன்னொரு தானியங்கி பதில் எழுதக்கூடாது. அனுப்புநர் இடம் காலியாக இருக்கும் மடலுக்கும் பதில் கூடாது. ஒழுங்கான விடுமுறை நிரல்கள் ஒரே ஆளுக்கு வழக்கமாக ஏழு நாளுக்கு ஒருமுறைதான் பதில் தரும். யாராவது அவசரத்தில் எழுதிய சிறு ஸ்கிரிப்ட்தான் இந்த விதிகளை மீறும். டிக்கெட் மென்பொருள்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி வடிகட்டிக்கு வருவோம். ஸ்பேம்அசாசின் ஒவ்வொரு விதிக்கும் புள்ளி போட்டுக் கூட்டுகிறது. 5 புள்ளியை எட்டினால் ஸ்பேம். எந்தெந்த விதி எத்தனை புள்ளி தந்தது என்பதை ஹெடரிலேயே எழுதச் செய்யலாம். நல்ல மடல் மாட்டிக்கொண்டால் முதலில் அந்த வரியைப் படிக்க வேண்டும். ஐந்தை எட்டாக்கிவிடுவது விடை ஆகாது. அந்த வரியில் தெளிவான ஸ்பேமுக்கு ‘பேய்ஸ் 00’ (ஸ்பேம் அல்ல என்ற கணிப்பு) என்று இருந்தால், மடல்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பகுதி தவறாகக் கற்றிருக்கிறது. பேய்ஸ் என்றே எதுவும் இல்லையென்றால் அது இன்னும் கற்கவே இல்லை. ஸ்பேம் 200, நல்ல மடல் 200 காட்டிய பிறகுதான் அது வாய் திறக்கும். ஆயிரம் காட்டியும் பலன் இல்லை என்பவர்கள், எந்தப் பயனராக இருந்து கற்றுத்தந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ரூட்டாக இருந்து கற்றுத்தந்தால் அது ரூட்டின் கணக்கில் சேரும். வடிகட்டியோ அமாவிஸின் கணக்கைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

சில கோளாறுகள் நீங்கள் எதையும் தொடாமலேயே வரும். 2010 ஜனவரி 1 அன்று உலகெங்கும் ஸ்பேம்அசாசின் சர்வர்கள் நல்ல மடல்களைத் தண்டித்தன. தேதி வெகுதூர எதிர்காலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய விதி ஒன்று, 2010ஐயே எதிர்காலம் என்று எண்ணியிருந்தது. பல இடங்களில் அந்த ஒரு விதி மட்டும் மூன்று புள்ளிக்கு மேல் தந்தது. விதிகளைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

மறுக்கவேண்டிய ஐபி முகவரிகளைக் குறித்துவைக்கும் கறுப்புப் பட்டியல்களும் அப்படித்தான். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் பல சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது, கேட்ட ஐபி முகவரி ஒவ்வொன்றையும் ‘பட்டியலில் உண்டு’ என்று சொல்லத் தொடங்கியது. கான்ஃபிக்கில் அந்தப் பெயர் மிச்சமிருந்த சர்வர்கள் உலகத்து மடல் அனைத்தையும் மறுத்தன. இன்றைக்கு ஸ்பேம்ஹாஸ் என்ற பட்டியலை 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்ற பதில் வரும். ‘இந்த வழியாகக் கேட்காதே’ என்பது அதன் பொருள். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பேம்தான் என்று எழுதிவைத்த சர்வர், அதையும் ஆமாம் என்றே எடுத்துக்கொள்ளும். சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டிஎன்எஸ் ரிசால்வரை ஓடவிடுவதும், எந்தப் பதிலுக்கு மறுக்க வேண்டும் என்று குறித்துவைப்பதும் இதற்குத் தீர்வு.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்க, ஜிடியூப் என்ற 68 எழுத்துச் சோதனைச் சரம் இருக்கிறது. அதை உடலில் வைத்த மடலுக்கு ஸ்பேம்அசாசின் 1000 புள்ளி போடும். உள் முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். பல சர்வர்களில் உள்ளூர் மடல் வடிகட்டிக்குப் போவதே இல்லை. வெளியிலிருந்து ஒரு சாதாரண மடல், ஒரு ஜிடியூப் மடல் அனுப்பி, இரண்டின் ஹெடரிலும் ‘ரெசீவ்டு’ வரிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு மறக்காமல் சாஃப்ட் பவுன்ஸை அணையுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை, முகவரியில் ஓர் எழுத்தைத் தவறவிட்ட உங்கள் சக ஊழியருக்கு அந்தப் பிழை உடனே தெரியாது; ஐந்து நாள் கழித்துத்தான் மடல் திரும்பும்.