அக்னி மூலையைப் பார்க்கும் டிஷ்கள்

கோவை காந்திபுரத்து வீதிகளில் எந்த மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் டிஷ்கள் எல்லாம் தென்கிழக்கைப் பார்த்தே நிற்கின்றன. வாஸ்துக்காரர்கள் அடுப்பு வைக்கச் சொல்லும் அக்னி மூலை அது. ஆனால் இதில் வாஸ்து ஒன்றும் இல்லை. ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. கோவை அந்த ரேகைக்கு 11 பாகை வடக்கே, 77 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் வீடுகளுக்குப் படம் அனுப்பும் கோள்கள் 83 முதல் 108 பாகை வரையுள்ள தீர்க்கரேகைகளில், நமக்குக் கிழக்கே தள்ளி இருக்கின்றன. அதனால்தான் தெற்கும் கிழக்கும் கலந்த பக்கம். டிஷ் மாட்டிப் பழகியவர்கள் அது திரும்பியிருக்கும் கோணத்தைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடுவார்கள். கிழக்கே அதிகம் திரும்பிச் சற்றுத் தாழப் பார்த்தால் ஏர்டெல், தெற்கே ஒதுங்கி வானத்தை அண்ணாந்தால் டாடா, இரண்டுக்கும் நடுவே சன் டைரக்ட்.

முதலில் கொடைக்கானல்

டிஷ் வருவதற்கு முன்பும் கோவை மாடிகள் இதே பக்கத்தைத்தான் பார்த்தன. 1980களின் பிற்பாதியில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் ஒளிபரப்பத் தொடங்கியது. அந்த மலையும் நமக்குத் தென்கிழக்கு. இரும்புக் குழாயின் உச்சியில் மீன்முள் ஆண்டெனா. கூடவே பூஸ்டர். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் டி.வி.யைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"வந்துருச்சுங்களா?"

"இல்லீங்க, இன்னும் புள்ளியடிக்குது."

"இப்பங்க?"

"அப்படியே உட்ருங்க, தொடாதீங்க!"

அந்த அனலாக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. சிக்னல் பாதி வந்தால் படமும் பாதி தெரியும். புள்ளிகளுக்கு நடுவே முகத்தை அடையாளம் கண்டு முழுப் படத்தையும் பார்த்து முடித்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்.

பன்னிரண்டு அடிக் கிண்ணம்

1991 ஜனவரியில் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்டியது. அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. வந்தது. அதைச் சுமந்த ஆசியாசாட்-1 கோளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1984 பிப்ரவரியில் வெஸ்டார்-6 என்ற பெயரில் அமெரிக்க விண்ணோடத்திலிருந்து விடப்பட்டு, பாதை தவறிப்போனது அது. நவம்பரில் இன்னொரு விண்ணோடம் போய் அதைப் பிடித்து வந்தது. நம் ஊரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டி மறுபடி கிணற்றில் இறக்குவதைப் போல, அதைப் பழுது பார்த்து 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் ஏற்றினார்கள். இந்தியா முழுவதும் கேபிள் டி.வி.க்கு வழி திறந்தது அந்தப் பழைய கோள்தான்.

அந்த சிக்னல் சி-பேண்ட் வகை, அலைநீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். கோளின் சக்தி குறைவு என்பதால் தரையில் பெரிய கிண்ணம் தேவைப்பட்டது. பன்னிரண்டு அடி, சில இடங்களில் அதற்கும் மேல். கிண்ணம் பெரிதாகப் பெரிதாக அதன் பார்வை கூர்மையாகும், ஒரு பாகை விலகினாலே படம் போய்விடும். அலை நீளமானது என்பதால் கம்பி வலையே போதுமானதாக இருந்தது. வலையில் காற்று புகுந்து போகும் என்பது கூடுதல் லாபம்.

இவ்வளவு பெரிய கிண்ணத்தின் விலைக்குச் சாதாரண வீடுகள் எங்கே போகும்? கேபிள்காரர் வாங்கித் தன் மாடியில் வைத்தார். அங்கிருந்து வீதி முழுக்க மாடிக்கு மாடி ஒயர் ஓடியது. ஸ்டாரின் முதல் சேனல்களுக்குப் பூட்டு கிடையாது, கிண்ணமும் ரிசீவரும் இருந்தால் யாரும் பார்க்கலாம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியதும் கேபிள் இல்லாத வீடு குறைந்துகொண்டே வந்தது. இந்தத் தொழிலுக்கென்று சட்டம் வந்ததே 1995இல்தான். கிண்ணம் எந்தக் கோளைப் பார்க்க வேண்டும், மாலையில் எந்தப் படம் ஓட வேண்டும் என்பதைக் கேபிள்காரர் முடிவு செய்தார். ஆனால் அவர் நாலு வீடு தள்ளி இருந்தார். கதவைத் தட்டிச் சண்டை போடலாம்.

வீட்டுக்கு வீடு

கிண்ணம் சுருங்கியதற்குக் காரணம் கு-பேண்ட். அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், கோளின் சக்தியும் அதிகம். இரண்டடித் தகடு போதும். ஆனால் வீட்டுக்கே நேரடியாக வரும் இந்த ஒளிபரப்புக்கு (டி.டி.எச்.) 1997இல் அரசு தடை போட்டது. 2000இல்தான் தடை நீங்கியது. 2003இல் டிஷ் டி.வி., 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிடி டைரக்ட் பிளஸ், 2006இல் டாடா ஸ்கை, 2007 முடிவில் சன் டைரக்ட் என்று வரிசையாக வந்தன.

2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் காட்டியது. பழைய டிஜிட்டல் படத்தில் ஒரு சட்டத்துக்குச் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள், முழு எச்.டி.யில் 20.7 லட்சம். அதாவது ஐந்து மடங்கு. "எச்.டி.க்குத் தனி டிஷ் வேணுங்களா?" என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. டிஷ்ஷுக்கும் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்கும் எச்.டி. எது, சாதா எது என்று தெரியாது. அதே கோளிலிருந்து வந்தால் அதே டிஷ் போதும். மாற வேண்டியது பாக்ஸும் டி.வி.யும், இரண்டையும் இணைக்கும் ஒயரும்தான். எச்.டி. பாக்ஸ் வாங்கிவிட்டுப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாட்டினால் வருவது சாதாப் படம்தான். எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டால்தான் கொடுத்த காசுக்குப் பலன். அந்தக் காசுக்கும் ஒரு கணக்கு வந்தது. 2019இல் அமலான ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி 130 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்கு நூறு சேனல், அதில் ஓர் எச்.டி. சேனல் இரண்டாக எண்ணப்பட்டது.

டிஜிட்டலில் பாதிப் படம் கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக உறைந்து நின்றுவிடும். ஐப்பசி மழை வலுத்தால் கு-பேண்ட் சிக்னல் தளர்ந்துபோகும். அதைவிடக் கோவைக்கே உரிய தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று தகட்டு டிஷ்ஷை முதுகில் அறையும். போல்ட் தளர்ந்து இரண்டு பாகை விலகினாலே எச்.டி. சேனல்கள் தடுமாறும்.

ஒரே நாளில் விலகிய வானம்

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை 2010 ஜூலை 7 காட்டிக்கொடுத்தது. இன்சாட்-4பி கோளின் சூரியத் தகடுகளில் கோளாறு ஏற்பட்டுப் பாதி மின்சக்தி போனது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மலேசியாவின் மீசாட்-3 கோளுக்கு மாறியது. 93.5 பாகையிலிருந்து 91.5. காகிதத்தில் இரண்டே பாகை. கோவை மாடியில் நின்று பார்த்தால், டிஷ்ஷைப் பக்கவாட்டில் மூன்றரை பாகையும் மேலே இரண்டு பாகையும் திருப்ப வேண்டும். வீட்டு மாடியில், சொந்தக் காசில் வாங்கிய டிஷ். ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. ஸ்பேனரோடு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கிண்ணம் பொதுவில் இருந்தபோது அதைப் பற்றிய அறிவு வீதியில் இருந்தது. கிண்ணம் வீட்டுக்கு வந்ததும் அந்த அறிவு கால் சென்டருக்குப் போய்விட்டது. படம் தெளிந்ததற்கு நாம் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று. அதற்காகப் பழைய காலமே மேல் என்று சொல்ல மாட்டேன். புள்ளியடிக்கும் படத்துக்குத் திரும்பிப் போக யாருக்கும் ஆசையில்லை.

இப்போது காந்திபுரத்துக் கம்பங்களில் ஃபைபர் ஒயர் ஓடுகிறது. இந்தியாவில் கட்டண டி.டி.எச். வீடுகள் 2020 முடிவில் ஏறத்தாழ 7 கோடி, 2025இல் 6 கோடிக்கும் கீழே. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் மட்டும் தன் பாட்டுக்கு நடக்கிறது. அதில் பெரும்பாலும் சாதாப் படம்தான், ஆனால் டிஷ்ஷையும் பாக்ஸையும் கடையில் வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாம். அது வரும் கோள் 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15. கோவையிலிருந்து வடக்கில் தொடங்கி வலமாக எண்ணினால் 123 பாகை, தரையிலிருந்து மேலே 67 பாகை. டிஷ் வடிவம் காரணமாகக் கண்ணுக்கு அதைவிடத் தாழப் பார்ப்பது போலத் தெரியும், அதை நம்ப வேண்டாம். செல்போன் திசைகாட்டியில் 123 வைத்துத் தொடங்கி, மேலும் கீழுமாக மெல்ல அசைத்துச் சிக்னல் ஏறும் இடத்தில் போல்ட்டை முறுக்குங்கள். பாக்ஸுக்குத்தான் கம்பெனிகள் பூட்டுப் போட்டிருக்கின்றன, திசைக்கு யாரும் போடவில்லை.