வாகனக் கால்மிதி: சேற்றைத் தடுத்தால் மட்டும் போதுமா?

மழை நாளொன்றில் பாடசாலை விடும் நேரம் கண்டி நகர வீதிகளில் நின்று பார்த்தால், பாடசாலை வான்களின் கதவடியில் நடப்பது தெரியும். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக முண்டியடித்து ஏறுகிறார்கள். சப்பாத்துகளில் செம்மண் அப்பியிருக்கிறது. மடக்கிய குடைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. கடைசிப் பிள்ளையை வீட்டில் இறக்கிவிடும்போது வானின் தரை வயல் வரம்பு போல ஆகிவிடுகிறது. சாரதி இரவு துடைப்பார். ஆனால் மேலே துடைத்தாலும் அடியில் ஈரம் அப்படியே இருக்கும். மறுநாள் காலை கதவைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வரும்.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்றும் மழை தரும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை தவறாமலும் மழை வரும். குளிர்ந்த மலைப்பிரதேசமாகையால் நனைந்த பொருள் எளிதில் காய்வதில்லை. வாகனத் தரையில் நாம் காணும் கம்பளம் மேல்தோல் மாத்திரமே. அதன் கீழே பஞ்சு போன்ற தடித்த படை ஒன்று உண்டு. அது நீரை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். சில நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கும் கீழே இரும்புத் தகடு. இக்கால வாகனங்களில் மின்கம்பிகள் கூட அந்தக் கம்பளத்தின் அடியிலேயே ஓடுகின்றன. ஆகவே ஈரக் கம்பளம் என்பது அழுக்குப் பிரச்சினை மாத்திரமன்று. மூச்சுத் திணறல் உள்ள பிள்ளைக்கு அது சுகக்கேடு, வாகனத்துக்குத் துரு.

2020 ஆம் ஆண்டு எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனம் வைத்திருந்தவர்கள் அதைப் பொன் போலக் காத்தார்கள். வாங்க வருபவர் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கித் துருவைத் தேடிப் பார்ப்பது வழக்கமாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் கம்பளைப் பகுதியைச் சேற்றில் மூழ்கடித்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தை எந்தக் கால்மிதியும் தடுக்காது. அன்றாடச் சேற்றைத் தடுக்கும் கால்மிதிக்கோ எப்போதும் வாங்குபவர் உண்டு.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. போரினால் கணவரை இழந்த பெண்களுக்கும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கும் வழங்கப்பட்ட சுயதொழில் பயிற்சிகளில் கால்மிதி தைப்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. வன்னியிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. 1983 இல் அடிபட்டு வடக்கே போய்ப் பின்னர் மறுபடியும் மலையகத்துக்குத் திரும்பிய குடும்பங்கள் வாழும் கண்டிச் சுற்றுப்புறத்திலும் உண்டு. பல்லேகலை போன்ற இடங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் இருப்பதால் வெட்டுத்துணி கிடைக்கும். துண்டுகளைப் பின்னித் தைத்தால் வாசற்படிக்கு ஒரு கால்மிதி. ஒரே ஊரில் இருபது பேருக்கு ஒரே பொருளைப் பழக்கிவிட்டால் அதை யார் வாங்குவது என்று பயிற்சி தந்தவர்கள் எத்தனை பேர் யோசித்தார்கள்? சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இது நெடுநாளைய மனக்குறை. தையல் இயந்திரம் கொடுத்தார்கள், சந்தையைக் காட்டவில்லை.

வீட்டு வாசலுக்கு என்று தைத்த அந்தக் கால்மிதி வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை. மலிவாகக் கிடைக்கிறது, தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதால் வான் சாரதிகளும் வாங்குகிறார்கள். வாங்கியதைத் தமது காலடியில், பிரேக்குக்கும் அக்சிலேட்டருக்கும் கீழே விரிக்கிறார்கள். பலர் ஏற்கெனவே கிடக்கும் இறப்பர் விரிப்பின் மேலேயே போடுகிறார்கள். அடியில் பிடிப்பில்லாத துணி இறப்பரின் மேல் வழுக்கும். சாரதியின் குதிக்கால் தள்ளத் தள்ள அது முன்னால் சுருண்டு போகும். கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கின் கீழே துணிச்சுருள் ஒன்று அடைபட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 2009 ஆகஸ்ட் 28 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான்டியாகோ அருகே, ரொயோட்டா நிறுவனத்தின் லெக்சஸ் கார் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தார்கள். கார் மணிக்கு 160 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் நிறுத்த முடியாமல் ஓடியது. விசாரணையில் தெரியவந்தது இதுதான்: அந்தக் காரில் கிடந்தது வேறு மாதிரி வாகனத்துக்கென்று செய்யப்பட்ட இறப்பர் கால்மிதி. மழைக்கும் பனிக்கும் ஏற்ற, தடித்த, ஓரம் உயர்ந்த வகை. அது கொளுக்கியில் மாட்டப்படவும் இல்லை. முன்னால் நகர்ந்து அக்சிலேட்டரை அழுத்திய நிலையிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்தில், செப்டெம்பர் 29 அன்று, ஏறத்தாழ 38 இலட்சம் வாகனங்களில் சாரதியின் பக்கக் கால்மிதியை உடனே எடுத்துவிடும்படி நிறுவனம் அறிவித்தது. பின்னர் பல வாகனங்களில் அக்சிலேட்டரின் வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்தக் கால்மிதி விவகாரத்திலும், அக்சிலேட்டர் இறுகிக்கொள்ளும் இன்னொரு கோளாறிலும் பாவனையாளருக்கு உண்மையை மறைத்ததற்காக 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் 120 கோடி டொலர் செலுத்த இணங்கியது.

அந்தக் கால்மிதியின் தரத்தில் குறையில்லை. சேற்றையும் நீரையும் அது நன்றாகவே தடுத்திருக்கும். ஆனால் அந்தக் காருக்கு அளவெடுக்கப்பட்டதன்று. இருந்த இடத்தில் நிற்கவுமில்லை. எனவே வாகனத்துக்குக் கால்மிதி செய்ய நினைக்கும் பெண், சேற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன் அசையாமல் இருப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பிடிப்பும் கொளுக்கியும் இல்லாத துணிக் கால்மிதியைச் சாரதியின் ஆசனத்துக்கு விற்காதீர்கள். பின் ஆசனங்களுக்கு விற்கலாம். கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். சாரதிகள் கேட்டுக்கொள்வார்கள், உயிர் அவர்களுடையதும்தானே.

சாரதியின் பக்கத்துக்குச் செய்வதென்றால் அளவு முக்கியம். பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, விரலால் ஓரத்தை அழுத்தி மடித்து வெட்டுவது எளிய வழி. சட்டை தைக்க அளவுத்தாள் வெட்டிப் பழகிய கைக்கு இது பெரிய வேலையன்று. அக்சிலேட்டர் முழுவதும் அழுத்தப்படும் இடத்தைத் தாண்டித் தாள் போகக் கூடாது. பெரும்பாலான ஜப்பானிய வாகனங்களில் சாரதியின் ஆசனத்துக்கு முன்னால் தரையில் கொளுக்கி இருக்கும். அதற்கு நேரே கால்மிதியில் துளையிட்டு உலோக வளையம் அடிக்க வேண்டும். முடிந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, கால்மிதியை வேண்டுமென்றே பலமாக முன்னால் தள்ளி, அக்சிலேட்டர், பிரேக், கிளச் எல்லாவற்றையும் தரைமட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். கையை எடுத்ததும் எதிலும் படாமல் அவை திரும்பி வந்தால் மாத்திரமே அதைக் கொடுக்கலாம். இன்னொன்று, ஒன்றின் மேல் ஒன்று விரிக்கவே கூடாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கனடாவில் இருக்கும் உறவினர் ‘எங்கட காருக்கும் ஒன்று தைத்து அனுப்பு’ என்று கேட்கலாம். இங்கு வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறோம், அங்கு இடப்பக்கம். தாளைப் புரட்டிப்போட்டு வெட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. அக்சிலேட்டர் இரண்டு நாட்டிலும் வலது காலுக்குத்தான் இருக்கிறது. இங்கே அது கதவோரம், அங்கே வாகனத்தின் நடுப்பக்கம். ஆகவே அங்குள்ள அளவை அங்கேயே வெட்டி அனுப்பச் சொல்ல வேண்டும்.

அங்குள்ள அழுக்கும் வேறு. நமக்கு மாரி என்றால் மழை. ரொரன்ரோவில் இருக்கும் நம்மவர்களின் மாரியோ பனிக்கட்டி. வீதியில் உறைந்த பனியைக் கரைக்க உப்பைத் தூவுகிறார்கள். உப்புக் கலந்த நீர் பூச்சியத்துக்குக் கீழேயும் இலகுவில் உறையாது என்பதால் இந்த ஏற்பாடு. அந்த உப்புச் சேறு சப்பாத்தோடு காருக்குள் வந்து உருகுகிறது. நீர் காய்ந்த பின்னும் உப்பு கம்பளத்தில் வெள்ளைக் கறையாக நின்று, காற்றின் ஈரத்தை இழுத்து, அடியிலுள்ள இரும்பை அரிக்கும். அதனால்தான் அங்கே தட்டம் போல ஓரம் உயர்ந்த கால்மிதியை விரும்புகிறார்கள். கணக்குப் பார்த்தால் இது புரியும்: 60 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தட்டத்தில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் 2.7 லீற்றர். தரை சாய்வாக இருப்பதால் உண்மையில் குறைவாகவே நிற்கும். என்றாலும் ஒரு குடும்பத்தின் சப்பாத்துப் பனிக்குப் போதும். நடுவில் வரிவரியாகவோ தேன்கூடு போலவோ மேடுகள் இருந்தால் நீர் பள்ளத்தில் நிற்க, கால் மேட்டில் இருக்கும். பிரேக் போடும்போது நீர் ஒரு பக்கமாகப் பாய்வதையும் அது தடுக்கும்.

இந்த வகைக்கு இறப்பர்தான் பொருத்தம். மலிவான பிளாஸ்ரிக் விரிப்பு கடுங்குளிரில் விறைத்து வெடிக்கும். இயற்கை இறப்பர் குளிரிலும் வளைந்து கொடுக்கும். பெற்றோலும் எண்ணெயும் கடும் வெயிலும்தான் அதற்கு எதிரி. இறப்பர் எமது மண்ணுக்குப் புதியதன்று. பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876 இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இன்று கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் இறங்கினால் மாவனல்லை தாண்டிக் கேகாலைப் பக்கம் இறப்பர்த் தோட்டங்களைக் காணலாம். விடியுமுன் பால் வெட்டப் போகின்றவர்களில் கணிசமானோர் பெண்கள். ஆனால் ஓரம் உயர்ந்த தட்டத்தை வீட்டில் செய்ய முடியாது. கந்தகம் கலந்து, அச்சில் இட்டு, வெப்பத்தில் அழுத்த வேண்டும். அது தொழிற்சாலை வேலை. தகடாக வரும் இறப்பரை வாங்கி அளவுக்கு வெட்டுவது, ஓரம் கட்டுவது, வளையம் அடிப்பது ஆகியவை வீட்டில் முடியும். தடித்த இறப்பரைச் சாதாரண வீட்டுத் தையல் இயந்திரத்தில் கொடுத்தால் ஊசிதான் உடையும், அதையும் சொல்லி வைக்கிறேன்.

தும்பை மறந்துவிடக் கூடாது. தென்னந்தும்பு விறைப்பானது. சப்பாத்தின் அடியைச் சுரண்டிச் சேற்றை உள்ளே விழுத்திவிடும். எளிதில் உக்காது. 1950, 60 களில் ஜேர்மன் கார்களிலேயே தேங்காய்த் தும்பு விரிப்புகள் பாவிக்கப்பட்டன. அதன் அடியில் இறப்பர்ப் பால் பூசினால் நகராது, நீரும் கீழே இறங்காது. பாடசாலை வானின் ஏறுவாசலுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஏறுவாசல் என்றதும் இன்னொரு விடயம். வன்னியிலிருந்து ஏ9 வீதியால் கண்டி, பேராதனை வைத்தியசாலைகளுக்கு வரும் வான்களில் செயற்கைக் கால் பொருத்தியவர்களும் ஊன்றுகோலுடன் வருபவர்களும் இருக்கிறார்கள். செயற்கைப் பாதத்துக்குத் தரையின் வழுக்கல் தெரியாது. சுருண்ட கால்மிதியின் ஓரம் அதில் மாட்டும். நனைந்த வழுவழுப்பான இறப்பரில் ஊன்றுகோலின் நுனி சறுக்கும். அப்படி ஏறி இறங்குபவர்களுக்கு ஏறுவாசலில் மேடு பள்ளம் குறைந்த, ஓரம் தரையோடு ஒட்டிய, இரு முனையும் திருகாணியால் பிடித்த விரிப்புத்தான் வேண்டும். இதைக் கடையில் இருக்கும் பொருளில் தேடினால் கிடைப்பது அரிது. ஊன்றுகோலோடு வாழும் ஒரு பெண் இதை வடிவமைத்தால் எங்கே பிழைக்கும் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

விலையைத் தீர்மானிக்கும்போது பொருளின் விலையோடு அளவெடுக்கப் போய்வரும் பஸ் காசையும், அளவெடுக்கும் நேரத்தையும், மாட்டிப் பார்க்கும் நேரத்தையும் சேருங்கள். வாசற்படிக் கால்மிதிக்குப் பழகிய பெண்கள் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வானுக்கு வெட்டிய தாளைத் தூக்கி எறியாமல் அந்த மாதிரியின் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தால், அடுத்த முறை அதே மாதிரி வரும்போது அளவெடுக்கும் பயணம் மிச்சம். மாட்டிப் பார்ப்பதை மட்டும் ஒருபோதும் விட வேண்டாம்.

தொடங்குவதற்கு முச்சக்கர வண்டி நல்லது. எல்லா ஊரிலும் இருக்கிறது, தரையும் சிறியது. அதில் வேகத்தைக் கூட்டுவது கையால். காலடியில் இருப்பது பிரேக் மாத்திரம். அந்த மிதியைச் சுற்றி நன்றாக இடம் விட்டு வெட்ட வேண்டும். முச்சக்கர வண்டிக்குக் கம்பளம் கிடையாது, நேரே தகடுதான். விரிப்பின் கீழே தேங்கும் நீர் வெளியே தெரியாது. ஆகவே விற்கும்போதே, வாரத்துக்கு ஒரு தடவை விரிப்பைத் தூக்கித் தகட்டைக் காயவிட்டு, பின்னர் மறுபடியும் கொளுக்கியில் மாட்டும்படி சொல்லிக் கொடுங்கள்.