கழுநீர்ப் பானை

அடுதல் என்னும் சொல்லுக்குச் சமைத்தல் என்பது பொருள். அட்டில், அடுக்களை என்னும் பெயர்கள் அச்சொல்லின் அடியாகப் பிறந்தனவே. முன்னாளில் நம் சிற்றூர் இல்லங்களில் அடுக்களையின் புறத்தே ஒரு பானையோ தொட்டியோ வைக்கப்பட்டிருக்கும். அரிசி களைந்த நீரும், காய்கறி கழுவிய நீரும், எஞ்சிய கஞ்சியும் அதனுள் வார்க்கப்படும். கழுநீர்ப் பானை என்பது அதன் பெயர். கழுநீர் என்பது வினைத்தொகை. செங்கழுநீர் என்னும் மலர்ப்பெயரோடு இதனை மயங்குதல் கூடாது.

அரிசியை முதன்முறை களைந்த நீரில் தவிடும் தூசும் கலந்திருக்கும். ஆதலின் அது பானைக்குச் சென்று, மாலையில் ஆவிற்கு உணவாகும். இரண்டாம் முறை களைந்த நீர் தெளிவுடையது. அது குழம்பிற்கு உதவும். வடித்த கஞ்சியில் உப்பிட்டுப் பருகுவாரும் உளர். அதனைத் துணிக்கு இட்டு விறைப்பேற்றுவாரும் உளர். சாம்பலும் புளியும் கொண்டு கலம் துலக்கிய நீரோ கொல்லையில் நின்ற வாழைக்கும் சேம்புக்கும் ஓடும். இவ்வாறு ஒரே நீர் இருமுறையும் மும்முறையும் பயன்பட்ட பின்னரே மண்ணைச் சேர்ந்தது. இதனைச் சிக்கனம் என்று அக்காலத்தார் பெயரிட்டு அழைத்திலர். எவ்வேலைக்கு எந்நீர் போதும் என்று அறிந்திருந்தனர், அவ்வளவே.

இவ்வறிவு ஓர் இல்லத்திற்கு மட்டுமன்றி ஒரு நாட்டிற்கும் வேண்டப்படுவதே. திருவள்ளூர் மாவட்டத்து அத்திப்பட்டும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இதற்குச் சான்றாகும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே அத்திப்பட்டு உள்ளது. கொசத்தலையாறு கடலை அணுகும் நிலம் அது. ஆறு பன்னூறு ஆண்டுகளாகக் கொணர்ந்து பரப்பிய மணலின் அடியில், மழைநீர் இறங்கித் தங்கியிருந்தது.

கடலோர நிலத்தின் அடியில் நன்னீரும் உப்புநீரும் அருகருகே உள்ளன. உப்புநீர் எடை மிக்கது. நன்னீர் அதன்மேல் மிதப்பது. 40 மீட்டர் உயரமுள்ள கடல்நீரும் 41 மீட்டர் உயரமுள்ள நன்னீரும் ஏறத்தாழ ஒத்த எடையின. எனவே, கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரை அது தடுத்து நிறுத்தும். அவ்வொரு மீட்டரை நாம் இறைத்துவிட்டால், அத்தடையும் நாளடைவில் நீங்கிவிடும். கிணற்றில் நீர் சிறிதே குறைந்தது என்று மேலே நின்று காண்பவர் எண்ணுவர். கீழே நிகழ்வதை அவர் அறியார்.

1960-களின் இறுதியில், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. அங்கு ஆழ்குழாய்க் கிணறுகள் அமைந்தன. மணலியில் எழுந்த ஆலைகளுக்கும் சென்னை மாநகருக்கும் அந்நீர் சென்றது. உழவரும் நீர்ப்பொறிகளால் மிகுதியாக இறைத்தனர். கடல்நீர் உள்நாடு நோக்கி ஊர்ந்து, மீஞ்சூர் வட்டாரத்துக் கிணறுகளை உவராக்கியது.

இத்தகைய மாற்றத்தை முதலில் உணர்த்துவது ஆய்வுக்கூடம் அன்று, அடுப்பே. கடினநீரில் பருப்பு எளிதில் வேகாது. சவர்க்காரம் நுரை கொள்ளாது. கொதிகலத்தின் அடியில் வெண்படலம் படியும். உவர்நீரை ஆவும் விரும்பிப் பருகாது. ஒருநாளும் நீரை வீணாக்காத இல்லத்தின் கிணறும் உவர்த்தது என்பதே இதில் வருந்தத்தக்கது. ஒரு குடும்பம் மிச்சம் பிடிக்கும் நீர் குடக்கணக்கினது. பொறிகள் இறைக்கும் நீரோ கோடி லிட்டர்க் கணக்கினது. ஆகவே, இல்லத்தாரை மட்டும் சிக்கனம் பேணுமாறு அறிவுறுத்துதல் நடுநிலை ஆகாது.

1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கிணறு தோண்டுதற்கும், நீரை வண்டிகளில் ஏற்றிச் செல்லுதற்கும் அனுமதி பெறவேண்டும் என்று அது விதித்தது. 2003-இல் தமிழ்நாடு முழுவதும் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. 2010-இல், அத்திப்பட்டிற்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பெற்றது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் ஆற்றல். ஆனால் அம்முறைக்கு மின்விசை மிகுதியும் வேண்டும். மழை விலையின்றித் தந்ததை மீண்டும் பெறுதற்கு இத்துணைப் பொருட்செலவு!

2019-இல் கொடுங்கையூரில் தொடங்கப்பெற்ற நிலையமோ கழுநீர்ப் பானைக்கு உறவுடையது. சென்னை மாநகரின் கழிவுநீர் அங்கே பலபடியாகத் தூய்மை செய்யப்பட்டு, மணலி முதலிய இடங்களின் ஆலைகளுக்கு அனுப்பப்படுகின்றது. நாளொன்றுக்கு 4 கோடியே 50 இலட்சம் லிட்டர் அதன் அளவு. சிற்றூர்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் வகுத்த கணக்கு. அக்கணக்கின்படி நோக்கின், அந்நிலையம் மீட்டுத் தரும் நீர் ஏறத்தாழ 8 இலட்சம் மக்களின் ஒருநாள் தேவைக்கு ஈடாகும். ஆலைப் பொறிகளைக் குளிர்விக்கக் குடிநீர் வேண்டுவதில்லை. வாழைக்கு வேண்டாதது போலவே அவற்றிற்கும் வேண்டாம்.

மணலுள் புகுந்த உப்பு விரைவில் வெளியேறுவதன்று. இறைப்பும் குறைந்து, மழையும் பல ஆண்டுகள் மண்ணுள் இறங்கினாலன்றி நன்னீர் தன் பழைய இடத்தைப் பெறாது. அதுவரை அவ்வட்டாரத்து அடுக்களைகளில் இருவகைக் குடங்கள் வேண்டும். குழாயிலோ லாரியிலோ வரும் நீர் சமையலுக்குரிய குடத்தில் மூடிவைக்கப்படும். கிணற்றுநீர் முற்றம் கழுவுதற்குரிய குடத்தில் திறந்தே இருக்கும்.