கடைசி நாளில் மேற்கே திரும்பலாம்

கன்னியாகுமரியில் கிளம்பி, தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் என்று கடலை வலப்பக்கமே வைத்துக்கொண்டு வடக்கே வரும் கார்க்காரர்களுக்குப் புதுச்சேரி தாண்டியதும் ஓர் அவசரம் தொற்றிக்கொள்கிறது. சென்னைக்கு இன்னும் 150 கிலோமீட்டர்தான். மறுநாள் ஆபீஸ். டிக்கியில் அழுக்குத் துணி மூட்டை, கால்மிதியில் தனுஷ்கோடி மணல். ஈ.சி.ஆரில் ஒரே மிதி மிதித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு.

இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

மரக்காணத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். வெயில் காலத்தில் சாலையை ஒட்டி உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும். நீண்ட கழியில் பலகை பொருத்தி, உப்பைத் தண்ணீருக்கு அடியிலிருந்து வரப்புக்கு இழுக்கிறார்கள்; வெயில் ஏறுமுன் வேலை பாதி முடிந்திருக்கும். சங்க காலத்து எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. 'சிறுபாணாற்றுப்படை'யில் பாணன் வள்ளல் நல்லியக்கோடனைத் தேடிப் போகும் வழியில் இந்தப் பட்டினம் வருகிறது. பிறகு வேலூர், ஆமூர், கடைசியில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில். கடற்கரையில் தொடங்கி உள்நாட்டில் முடியும் பயணம். உப்பு வணிகரான உமணரின் பிள்ளைகளோடு, அவர்கள் வளர்த்த மந்தி கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பை ஆட்டும் காட்சிகூட அதில் உண்டு. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு வேறெங்கும் இல்லை, மரக்காணத்துக்கு வடக்கே இதே ஈ.சி.ஆரில் இன்றும் பேரூராட்சியாக இருக்கிறது. பெயர்ப்பலகையைக் கவனிக்காமலே எத்தனை கார்கள் பறக்கின்றன!

அங்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. நவாப் காலத்துச் செங்கல் கட்டு, பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. கழிமுகக் காற்று வாங்க அரை மணி நேரம் போதும்.

இனி கடலை விடலாம். செய்யூர் வழியாக மதுராந்தகம், அங்கிருந்து உத்திரமேரூர். வழியில் வேடந்தாங்கல். தண்ணீரும் பறவையும் இருக்கும் மார்கழி, தை மாதங்களில் மட்டும் இறங்கினால் போதும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு வாங்கினார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்த கதையில் வருகிறாரே, அதே பிளேஸ்தான்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. 30 குடும்புகள் (வார்டுகள்), 35 முதல் 70 வயது வரை, சொந்த மனையில் வீடு, கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவர் உறவுக்காரர்களும் நிற்க முடியாது! குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். 2020இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரைக் குறிப்பிட்டார். பெருமை சரி. ஆனால் இது பிராமணர் சபையின் விதி. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. அதையும் சேர்த்துத்தான் அந்தச் சுவரை வாசிக்க வேண்டும்.

காஞ்சிபுரம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் திருப்புலிவனம். புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் வியாக்ரபுரீஸ்வரர் கோயில். சுவரெல்லாம் சோழர் கல்வெட்டு. சிங்கத்தோடு காட்சி தரும் தட்சிணாமூர்த்திக்கு வியாழக்கிழமைகளில் கூட்டம் அதிகம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் மாலையில் போவதே தோது. வெளியே வயல், ஏரிக்கரை, டிராக்டர் சத்தம். உப்புக்காற்று எங்கோ போயிருக்கும்.

இங்கிருந்து காஞ்சிபுரம் அரை மணி நேரம்தான். மிளகு, சீரகம், சுக்கு மணக்கும் கோயில் இட்லிக்கு முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது. எல்லா ஓட்டலிலும் எல்லா வேளையும் கிடைக்காது. சாப்பிட்டுக் கிளம்பினால் வாலாஜாபாத் வழியாகச் சென்னை. ஞாயிற்றுக்கிழமை இரவு என்றால் தாம்பரம் நெரிசலுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.